கள்ளிக்கு வெயில் வேண்டும்

கள்ளி வளர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை, சார். மணலில் செங்கல் பொடி கலந்து நட்டால் போதும். தண்ணீரைச் செடியின் தலையில் ஊற்றக் கூடாது, ஓரமாக விட வேண்டும். அக்கறை அதிகமானால் அழுகிவிடும்.

என் தங்கை பிரிஸில்லாவுக்கு அந்தச் செடியைக் கொடுத்தவர் ஃபிரெட்ரிக். மாதா கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவர். எலுமிச்சம்பழம் அளவில் ஓர் உருண்டை. மேலே பஞ்சு போல வெள்ளை முள், குத்தாது. பார்வையில்லாத பெண்ணுக்கென்று அப்படியொன்றைத் தேடிப் பிடித்ததை அபிராமபுரத்தில் எல்லோரும் மெச்சினார்கள். அம்மா போனதிலிருந்து அவளைக் கைபிடித்து நடத்தியவள் நான். அதை யாரும் மெச்சியதாக ஞாபகம் இல்லை.

போகப்போகத் தாய்ச் செடியைச் சுற்றிக் குட்டிகள் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. காலையில் மொட்டைமாடிக்குப் போய் ஒவ்வொன்றாக விரலால் தடவுவாள். புதிதாக ஒன்று முளைத்திருந்தால் என்னையும் தொடச் சொல்வாள். தொடுவேன்.

தொண்ணூற்றாறில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நிச்சயமானது. அடையாற்றில் வீடு பார்த்தார்கள். அதில் எனக்கும் இடமுண்டா என்று நான் கேட்கவில்லை; அவர்களும் சொல்லவில்லை. ஒரு சாயங்காலம் பிரிஸில்லா என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "அக்கா, நீ தனியா இருப்பியே. ஒரு குட்டியப் பிச்சுத் தரேன், வளத்துக்கோ. உனக்குத் துணையா இருக்கும்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். நானும் சரி என்றேன்.

மறுநாள் காலை தொட்டி வழக்கமான இடத்தில் இல்லை.

"அக்கா, செடி எங்க?"

"நிழல்ல வாடுது பிரிஸி, அதுக்கு வெயில் வேணும். சுவருக்கு வெளிய திட்டுமேல வச்சிருக்கேன். குனிஞ்சா எட்டும்."

எங்கள் மாடிச் சுவர் இடுப்பு உயரம்கூட இல்லை. அவள் சுவர்மேல் வயிற்றை அழுத்திக் கையை நீட்டித் துழாவினாள்.

"கிடைக்கலையேக்கா."

"இன்னும் கொஞ்சம்."

கீழே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த வேலைக்காரி புஷ்பம் நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்: "இன்னாம்மா, அந்தப் பொண்ணு தொங்கிக்கினு கீது, புடிம்மா!"

பிரிஸில்லா சிரித்தாள். "அக்கா பக்கத்துலதான் இருக்காங்க புஷ்பம்," என்றாள்.

"இன்னும் கொஞ்சம்தான், பிரிஸி," என்றேன்.

திட்டின்மேல் எதுவும் இல்லை. தொட்டி என் கையில் இருந்தது. புஷ்பம் அதைப் பார்த்ததாகச் சொல்லியிருப்பாள். பொய் பேசுகிறவள் இல்லை; அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

கொலை என்றே எழுதுங்கள், உங்களுக்கு வேறு வார்த்தை கிடைக்காது. ஆனால் ஃபிரெட்ரிக்கிடம் ஒன்று கேளுங்கள், சார். படியில் எந்தப் பக்கம் கை கொடுக்க வேண்டும், ரோட்டைக் கடக்கும்போது எங்கே பிடிக்க வேண்டும், இதெல்லாம் அவருக்குத் தெரியுமா? என்னிடம் இருந்தவரை ஒருநாள்கூட அவளை நான் விழவிட்டதில்லை.