தங்கை கணவரின் இடது தோள்

என் பெயர் தவச்செல்வன் சிவதர்சினி. வயது நாற்பத்தொன்று. லொசானை அடுத்த ரெனானில் வசிக்கிறேன். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். இறந்துபோன தவச்செல்வனின் மனைவி. இந்த வழக்கில் நட்டஈடு கோருபவள் நான். மொழிபெயர்ப்பாளர் மேர்சியின் உதவியுடன் தமிழில் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதம் என் கணவரும் என் தங்கை ரிஷானியின் கணவர் கோபிசனும் எங்கள் காரில் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய்த் திரும்பும்போது, கார் வீதியோரத் தூணில் மோதியது. என் கணவர் வெளியே வீசப்பட்டு அங்கேயே இறந்தார். அதன்பின் கோபிசன், காரை ஓட்டியது என் கணவர்தான் என்று பொலிசாரிடம் சொன்னார். என் கணவர் குடித்திருந்தார். அதை நான் மறைக்கவில்லை. குடித்தால் அவர் சாவியைத் தொடமாட்டார் என்று சொன்னேன். பெண்சாதி வேறு எப்படிச் சொல்வாள் என்பதுபோலக் கேட்டுக்கொண்டார்கள்.

அதன்பின், செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் ரிஷானிதான் சோறு கொண்டுவந்தாள். ஒருநாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, “இவருக்கு இடது தோளிலை இருந்து வலது இடுப்பு வரைக்கும் பெல்ட் இறுக்கினது கறுத்துப்போய்க் கிடக்கக்கா. நான்தான் மருந்து பூசுறன்” என்றாள். பாவம் என்றுதான் நானும் சொன்னேன். எங்கள் இருவருக்கும் கார் ஓடத் தெரியாது.

அதன்பின் காரை ஓட்டியது கோபிசன்தான் என்று அவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. முதல் நீதிமன்றம், ஓட்டியது யார் என்பது உறுதியில்லை என்று அவரை விடுதலை செய்தது. என் கோரிக்கையையும் ஏற்கவில்லை. அரச வழக்குத்தொடுநர் மேன்முறையீடு செய்யவில்லை, நான் மட்டும் செய்தேன். அவருக்கு என்ன தண்டனை என்று கேட்க எனக்கு உரிமையில்லை என்றும், குற்றம் செய்தாரா, எனக்கு நட்டஈடு உண்டா என்று மட்டும் கேட்கலாம் என்றும் என் சட்டத்தரணி விளக்கினார். காசுக்காகத் தங்கச்சியின் குடும்பத்தைக் குலைக்கிறாள் என்று சனம் கதைக்கிறது. கதைக்கட்டும். என் மகள் பள்ளிக்கூடத்தில், குடித்துவிட்டுக் கார் ஓடிச் செத்தவரின் பிள்ளையாக இருக்கிறாள். அதை என்னால் பொறுக்க முடியவில்லை.

அதன்பின், வேலைக்குப் போய்வர வேண்டுமென்று கடந்த மாதம் கார் பழகப் போனேன். இந்த நாட்டுக் கார்களில் சாரதி இருக்கை இடப்பக்கம். முதன்முறையாக அதில் அமர்ந்து பெல்ட்டை இழுத்தேன். அது இடது தோளின் மேலாக வந்தது. பக்கத்தில் இருந்த ஆசிரியருக்கு வலது தோளில் இருந்தது. காரை எடுக்காமலே இறங்கிவிட்டேன்.

அதன்பின் ரிஷானியிடம் போய் இதைச் சொன்னேன். அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, “நான் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையக்கா” என்றாள். பிறகு தேத்தண்ணி போட எழுந்து போனாள். நான் குடிக்காமல் வந்துவிட்டேன்.

ரிஷானியைச் சாட்சியாக அழைக்கும்படி கேட்கிறேன். மனைவி என்பதால் அவள் சாட்சி சொல்ல மறுக்கலாம் என்று இந்த வாக்குமூலத்தைப் பதியும் அதிகாரி விளக்கினார். விளங்கியது. அவளை அழைக்கும் கோரிக்கையை மீளப்பெற விரும்புகிறேனா என்று கேட்டார். இல்லை. அவள் மறுப்பதானால், நான் இருக்கும் அறையில் என் முகத்தைப் பார்த்து மறுக்கட்டும்.

இவை யாவும் எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டப்பட்டன. நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை. ‘என் தங்கை’ என்று வரும் இடங்களில் ‘குற்றஞ்சாட்டப்பட்டவரின் மனைவி’ என்று மாற்றவா என்று கேட்கப்பட்டது. வேண்டாம் என்றேன்.

ஒப்பம்: த. சிவதர்சினி