உள்ளூர் வக்கீலாகப் பார்த்து

வக்கீல் வேண்டுமா என்று நீங்கள் கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம், இன்ஸ்பெக்டர். வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் எனக்கு ராசி கிடையாது. அதுவும் நீங்கள் முதலில் சொன்ன பெயரே லஸ்கோம்ப். சிரிக்காமல் என்ன செய்வது. யாரும் வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன். டீ மட்டும் இன்னொன்று வரவழையுங்கள், இதில் பால் அதிகம்.

வீடு வாங்கவோ விற்கவோ போகிறவர்கள் எங்கள் ஆஷ்கோம்பில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் கிடைக்கும். உள்ளூர் வக்கீலாகப் பார். கணினியில் ஆளைப் பிடித்தால் எவனோ எங்கோ உட்கார்ந்து நம் பெயரைக்கூடத் தப்பாக எழுதுவான். உள்ளூர்க்காரர் என்றால் நேரே போய் எதிரில் உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். கசாப்புக் கடைக்காரர் சொன்னார், தேவாலயத்தில் பூ அடுக்கும் பெண்கள் சொன்னார்கள். என் கணவர் லெஸ்லியின் தங்கை மட்டும்தான் மாற்றிச் சொன்னாள். அவள் கணினி வழியாகவே பத்திர வேலை பார்க்கும் ஒரு லீட்ஸ் கம்பெனியை அமர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமலேயே, ஒரே கோடையில் வீடு மாறியவள்.

"மொகத்தப் பாத்து என்ன பண்ணப் போறீங்க அண்ணி? அந்தாளக் கல்யாணமா கட்டிக்கப் போறீங்க? வேலை நடந்தா சரி" என்றாள்.

அவள் பேச்சை நான் கேட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு வீடு மாறுவது ஆசைக்காக அல்ல. பக்கவாதம் வந்தபின் லெஸ்லியின் இடது கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. எங்கள் படுக்கையறை மாடியில், குளியலறையும் மாடியில். போன வசந்தத்தில் மாடிப்படியில் விழுந்தார். நான் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கவில்லை. உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவசரத்தில் எப்படி நடந்துகொள்வது என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அவர் முன்னறை சோபாவில் தூங்குகிறார். சமையலறைத் தொட்டியருகே நிற்கவைத்துத்தான் உடம்பு துடைத்துவிடுகிறேன். கப்பலில் எஞ்சின் பார்த்த மனிதர். நான் துடைக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விற்பனைக்கு வந்திருந்த மிஸஸ் நார்த்காட்டின் வீட்டைப் பார்த்ததுமே தீர்மானித்துவிட்டேன். எல்லாம் ஒரே தளம். வாசலில் படி கிடையாது. குளியலறைக் கதவு சக்கர நாற்காலி நுழையும் அகலம். பின்பக்கம் மட்டும் தோட்டத்துக்கு இறங்கக் கல்படிகள் உண்டு. லெஸ்லிக்குத் தோட்டத்தில் என்ன வேலை. அந்தம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, தனிக்கட்டை, ரெடிங்கில் இருக்கும் மகள் ஜில்லியனோடு போய் இருக்கப் போவதாகச் சொன்னார். விலை பேசியாயிற்று, கைகுலுக்கியாயிற்று, ஆளுக்கொரு துண்டு எலுமிச்சை கேக்கும் சாப்பிட்டாயிற்று. எங்கள் வீட்டை வாங்கவும் ஓர் இளம் தம்பதி கிடைத்தார்கள். ஆனால் நம் நாட்டில்தான் கைகுலுக்கலுக்கு மதிப்பே இல்லையே. இரண்டு தரப்பு வக்கீல்களும் கையெழுத்தான ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும்வரை யார் வேண்டுமானாலும் நழுவலாம். அந்தம்மா கையெழுத்துப் போட்டால்தான் நாங்கள், நாங்கள் போட்டால்தான் அந்தத் தம்பதி. அவர்களுக்கு வங்கி தருவதாகச் சொன்ன கடனோ ஜனவரியோடு காலாவதி.

ஆக, ஆம்ப்ரோஸ் லஸ்கோம்ப். சந்தைத் தெருவில் ரொட்டிக்கடைக்கு மேலே அலுவலகம். போய் உட்காரலாம், உண்மை. முகத்தைப் பார்க்கலாம், அதுவும் உண்மை. நல்ல முகம், அப்போதுதான் குளிப்பாட்டிய குழந்தை மாதிரி இருக்கும். அதிலிருந்து பதில்தான் வராது.

"எதிர்த்தரப்பு வக்கீலுக்கு எழுதியிருக்கோம் மிஸஸ் வென். பதில் வரட்டும்."

"அவர் ஆபீஸ் எதிர்வரிசையிலதானேங்க இருக்கு? இந்த ஜன்னலத் தொறந்து கூப்ட்டாலே கேக்குமே."

"அப்படியெல்லாம் கூப்பிடலாமா? மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

முறைப்படி அந்தக் கடிதம் தபால் பெட்டியில் விழுந்து, ஊரைவிட்டு வெளியே போய், ஊர்சுற்றிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குத் திரும்பி வரும். பதிலும் அதே ஊர்வலம். புதன்கிழமை மதியத்துக்கு மேல் அலுவலகம் கிடையாது. மற்ற நாள்களில் ஒன்றிலிருந்து இரண்டுவரை பூட்டு. அந்த நேரத்தில் போன் செய்தால், அவருடைய உதவியாளர் பெவர்லியின் குரலைப் பதிந்து வைத்த இயந்திரம் பேசும். ஓர் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் எப்படிப் பசிக்கும் என்று நான் கேட்டதற்கு, அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அப்படித்தானாம்.

உள்ளூர் வக்கீலால் எனக்குக் கிடைத்த நன்மை ஒன்றே ஒன்று. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டிசம்பரில் ஒருநாள் ரொட்டிக்கடை வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றேன். என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இத நான் சொல்லக் கூடாது. எல்லாம் தயாரா இருக்கு. அந்தம்மாதான் கையெழுத்துப் போடாம இழுத்தடிக்குது. பூனைதான் காரணம்."

"பூனையா?"

"மக இருக்கற குடியிருப்புல பூனை வளக்க விடமாட்டாங்களாம். மகளுக்குப் பவர் எழுதிக் குடுத்திருக்கு. அந்தப் பொண்ணு நாளைக்கே கையெழுத்துப் போட்டுரும். ஆனா அம்மா தெளிவா நடமாடற வரைக்கும் அம்மா வச்சதுதானே சட்டம்? அவங்களுக்கு முடியாமப் போனாத்தான் மக."

முடியாமப் போனா. இந்த வார்த்தை அவருடையது, என்னுடையது அல்ல. கணினிக் கம்பெனியாக இருந்திருந்தால் இதை எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

மறுநாளிலிருந்து மிஸஸ் நார்த்காட் வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போக ஆரம்பித்தேன். பீங்கான் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன், திரைச்சீலைகளைத் துவைத்துக் கொடுத்தேன். அந்தம்மாவுக்கு என்மேல் பிரியம் வந்துவிட்டது. பெர்சி என்ற அந்தச் சாம்பல் நிறப் பூனையும் என் மடியில் ஏறிப் படுத்துக்கொள்ளும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பெர்சி காணாமல் போயிற்று. விளக்குக் கம்பங்களில் அவர் அறிவிப்பு ஒட்டியபோது நான்தான் பசை தடவிக் கொடுத்தேன். இரண்டு நாள் பொறுத்துவிட்டு, மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"இனி நிம்மதியா ஜில்லியன்கிட்ட போகலாமே?"

"எப்படிக் கண்ணு போறது? அவன் திரும்பி வந்து கதவத் தட்டுவான். தொறக்கறது வேற யாரோன்னா அவன் என்ன நெனைப்பான்?"

"பூனை எங்கயாவது கதவத் தட்டுமா?"

"எம் பெர்சி தட்டுவான்" என்றார். முன்பாவது பூனையை விட்டுப் போகத் தயங்கினார். இப்போது அது வரும்வரை நகரவே மாட்டேன் என்று வேகவைத்த மீன் தட்டோடு கதவருகே உட்கார்ந்துவிட்டார்.

பெர்சி வராது என்று எனக்குத் தெரியும். எங்கள் தோட்டத்து மழைநீர்ப் பீப்பாயின் மூடி நல்ல கனம். ஆனால் துக்கத்தில் இருக்கும் ஒரு வயதான பெண்மணியிடம் அதை எப்படிச் சொல்வது. எனக்கும் கொஞ்சம் இங்கிதம் உண்டு.

அன்று வீட்டுக்கு வந்து லெஸ்லியிடம் கதவு தட்டும் பூனையைப் பற்றிச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "விடு ஹில். அந்தக் கெழவி கெளம்பறதுக்குள்ள நான் இந்த சோபாவோட சோபாவா ஆயிருவேன். என்னையும் சேத்து வித்துரு" என்றார். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை. லெஸ்லிக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஜனவரியில் கடும் உறைபனி விழுந்தது உங்களுக்கும் நினைவிருக்கும். அந்தப் பின்பக்கக் கல்படிகள் பாசி பிடித்துக் கிடந்தன; குடிவரப்போகும் எனக்கே அது உறுத்தலாக இருந்தது. அன்று காலை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். உறைபனி நாளில் படியைக் கழுவக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. மதியத்துக்குள் படிகள் கண்ணாடி போலாகிவிட்டன. இருவரும் சமையலறையில் உருளைக்கிழங்கு சூப் குடித்தோம், உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றார். நான் கிண்ணங்களைக் கழுவியபடி ஜன்னல் பக்கம் திரும்பி, "தோட்டத்துல பெர்சி சத்தம் மாதிரி கேக்குதே" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். ஓடுங்கள் என்று சொல்லவில்லை. அவர்தான் வீட்டுச் செருப்போடு, கைத்தடியைக்கூட எடுக்காமல், அந்த வயதில் அப்படி ஓடினார்.

நான் எதிர்பார்த்தது இடுப்பெலும்பு. இடுப்பெலும்புதான் உடைந்தது. அந்த அளவில் எல்லாம் சரியாகவே நடந்தது.

உடனே போனை எடுத்தேன், ஆம்புலன்ஸுக்குத்தான். அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. அந்தம்மா கீழே கிடந்தபடியே தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தார். இதுவே 'முடியாமல் போனது' ஆகுமா? ஆஸ்பத்திரியில் எலும்பைச் சேர்த்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மறுபடியும் மீன் தட்டும் கதவும்தானே. அவசரப்பட்டு எதையாவது செய்துவிட்டுப் பிறகு வருந்துகிறவள் இல்லை நான். முதலில் சட்டம் தெரிந்தவரைக் கேட்டுவிடுவோம் என்று லஸ்கோம்பின் எண்ணைச் சுழற்றினேன். இயந்திரத்தில் பெவர்லி பேசினாள். அலுவலகம் மதிய உணவுக்காக மூடப்பட்டுள்ளது, இரண்டு மணிக்குத் திறக்கப்படும்.

அப்போதுதான் ஒன்று அடித்திருந்தது.

காத்திருந்தேன். வேறென்ன செய்ய முடியும்? என் கோட்டை எடுத்து அவர்மேல் போர்த்தினேன். நீங்கள் பையில் போட்டு முத்திரை வைத்திருக்கிறீர்களே, அதுதான், என்னிடம் இருந்த ஒரே நல்ல கோட்டு. பிறகு உள்ளே வந்து அடுப்பருகே நின்றேன், இரண்டு பேரும் விறைப்பதில் யாருக்கும் பயனில்லை. அவ்வப்போது ஜன்னலைத் திறந்து பேச்சுக் கொடுத்தேன்.

"யாரையாச்சும் கூப்ட்டியா கண்ணு?"

"கூப்ட்டிருக்கேன். எடுக்க மாட்டேங்கறாங்க."

அது பொய்யில்லை, கவனியுங்கள்.

கொஞ்ச நேரம் கழித்து, "பெர்சி வந்தானா?" என்று கேட்டார்.

"வரான், வரான்" என்றேன். குளிர்காற்று உள்ளே வந்ததால் ஜன்னலை மூடினேன்.

இரண்டு மணிக்கு பெவர்லியே எடுத்தாள். லைனில் இருங்கள் என்று ஏதோ வயலின் இசையைப் போட்டுவிட்டுப் போனாள். அது முடியும்வரை கேட்டேன். பிறகு லஸ்கோம்ப் வந்தார், வாயில் இன்னும் எதையோ மென்றுகொண்டு.

"ஐயையோ, விழுந்துட்டாங்களா? ஆம்புலன்ஸக் கூப்ட்டீங்களா? பவரா? ஆஸ்பத்திரில படுத்துட்டாங்கன்னா இனி மகதான் எல்லாம் பாத்துக்கும், இந்த வாரமே முடிச்சிரலாம். உயிரோட இருக்கணும், அவ்வளவுதான். ஆளு போயிட்டா அந்த நிமிஷமே பவரும் போயிரும். அப்புறம் உயில், கோர்ட்டுன்னு கோடையே தாண்டிரும்."

உயிரோடு இருக்க வேண்டும். இந்த ஒரு விவரத்தை ரொட்டிக்கடை வரிசையிலேயே அவர் சொல்லியிருக்கலாம். நான் போனை வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து மிஸஸ் நார்த்காட் என்று கூப்பிட்டேன். நாலைந்து தடவை கூப்பிட்டேன். அதன்பிறகு ஆம்புலன்ஸை அழைத்தேன், அவர்கள் உங்களை அழைத்தார்கள், லஸ்கோம்பும் தான் கேட்டதை உங்களிடம் சொல்லிவிட்டார். அதற்கு மட்டும் அவர் தபாலை நம்பவில்லை.

அந்தத் தம்பதி வேறு வீடு பார்த்துவிட்டார்களாம். லெஸ்லியை இப்போது யார் துடைத்துவிடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. யாராக இருந்தாலும், துடைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியனுப்புங்கள்.

நான் எதையும் மறுக்கவில்லை. பூனையை மூழ்கடித்தது நான். படியில் தண்ணீர் ஊற்றியது நான், அந்தப் பூனையின் பெயரைச் சொல்லி அவரை ஓடவைத்தது நான், ஜன்னலை மூடியதும் நான். எங்கே கையெழுத்து வேண்டுமோ காட்டுங்கள், போட்டுவிடுகிறேன். கையெழுத்துப் போடச் சொன்னால் இழுத்தடிக்கிற ஆள் நான் இல்லை. ஆனால் இதையும் விடாமல் எழுதுங்கள். ஒரு மணிக்கு மிஸஸ் நார்த்காட்டுக்கு உயிர் இருந்தது. அந்த அலுவலகத்தில் யாராவது ஒருவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்திருந்தால் அவர் இன்று ரெடிங்கில் மகளோடு இருந்திருப்பார். ஊர் பேச்சைக் கேட்டு உள்ளூர் வக்கீலாகப் பார்த்தேன், நான் செய்த தவறு அது ஒன்றுதான்.