கேட்டில் மாட்டியிருந்த தூக்குவாளி

நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவள். காதில் விழுந்ததை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம் என்றால் மன்னிக்கவும்.

தீபாவளி நெருங்கிய ஒரு சாயங்காலம். தாம்பரத்திலிருந்து பம்மல் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே அடுத்தடுத்த வீட்டுப் பெண்கள் இருவர்.

“ஆடியில மாமியார் தவறிட்டதால எங்களுக்கு இந்த வருஷம் பண்டிகை கிடையாது. மாவு இடிக்க வேணாம், எண்ணெய்ச் சட்டிகிட்ட வேக வேணாம். கல்யாணமானதுலேர்ந்து இப்பதான் தீபாவளிக்கு நிம்மதியா தூங்கப் போறேன்க்கா” என்றாள் இளையவள்.

மூத்தவர் சிரித்தார். “சொல்லுவடி! அப்ப காலைல எங்க கேட்டுல அதிரசம் மாட்டிட்டுப் போனது யாரு? சூடு கூட ஆறல.”

“நான் இல்லியே.”

“உங்க மாமியார் பேரு வெட்டின தூக்குவாளிதானே அது?”

“அது பரண் மேல மூட்டையில கீது. நான்தான் கட்டிப் போட்டேன்.”

“எள்ளு கூட அவங்க கைப்பக்குவம்...” என்று ஆரம்பித்த மூத்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

பம்மலில் இறங்கும்போது இளையவள் கேட்டாள்: “செத்தும் என்னத் தூங்க வுட மாட்டாங்களாக்கா?”

மறுநாளும் அவள் அதே ஷேர் ஆட்டோவில் வந்தாள். மடியில் பச்சரிசியும் வெல்லமும் இருந்தன.