நகக்கண்ணில் எண்ணெய்

காதல் நாவல்கள் எனக்குப் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன், ஐயா. வீட்டில் எழுதுகிறாள், அதனால் படிக்கிறேன். பத்து வருடமாக என் மனைவியின் கையெழுத்தைக் கணினியில் அடித்துக் கொடுப்பது நான்தான். பகலில் லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை, மாலையில் இது.

முதல் ஒன்பது நாவல்களிலும் எந்தப் பெண்ணுக்கு ஏக்கம் வந்தாலும் நிலா வந்துவிடும். அழுகை என்றால் மழை. “இந்தத் தடவையும் குடை எடுத்துக்கணுமா?” என்று கேலி செய்வேன். சிரிப்பாள்.

பத்தாவதில் நிலாவும் இல்லை, மழையும் இல்லை. கதையில் ஒருவன் தண்ணீர் குடித்துவிட்டு வைத்த டம்ளரின் ஈர வட்டம் மேஜையில் இருக்கிறது. கதாநாயகி அதைத் துடைக்காமல், காயும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறாள். எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாத எண்ணெய் அவன் நகக்கண்ணில். ஆசை என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. நிலாவை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அந்த ஈர வட்டத்தைப் பார்த்தவளால்தான் எழுத முடியும்.

“இதெல்லாம் எங்க பாத்தே?” என்று கேட்டேன்.

“பாத்துக்கிட்டேதானே இருக்கேன்,” என்றாள், தலையைத் தூக்காமல்.

எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் வெளியாள் ஒருவன்தான். அவள் புத்தகங்களைப் போடும் அச்சகத்தின் பைண்டர். பிழை திருத்திய தாள்களை வாங்கிப்போக வருவான். என்னை அண்ணே என்பான். காகிதம் வெட்டும் மெஷினில் வேலை, அவன் நகத்தில் எண்ணெய் இருந்தது. என் நகத்திலும் உண்டுதான், ஆனால் அது வேலை அழுக்கு. அதை எந்தப் பெண்டாட்டி உட்கார்ந்து பார்க்கப்போகிறாள்?

அச்சகத்துச் சரக்கு லிஃப்ட் என் பொறுப்பில் இருந்தது. லிஃப்ட் வந்து நிற்காமல் கதவு திறக்கக்கூடாது, அதற்கென்று ஒரு பூட்டு உண்டு. செவ்வாய்க்கிழமை காலையில் மூன்றாம் மாடிப் பூட்டைக் கழற்றிக் கருவிப் பையில் போட்டுக்கொண்டேன். லிஃப்ட் கீழே நின்றது. பைண்டர் எப்போதும் புத்தகக் கட்டுகளை வண்டியில் அடுக்கி, இழுத்தபடியே பின்பக்கமாக உள்ளே போவான். அப்படிப் போகாதே என்று பலமுறை கண்டித்திருக்கிறேன்.

“வேலை முடிஞ்சுதா, அண்ணே?” என்றான்.

“முடிஞ்சுது தம்பி. நீ இழுத்துட்டுப் போ,” என்று கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

நேற்று அவளை இந்த ஸ்டேஷனில் என் எதிரில் உட்கார வைத்தீர்கள். என் கை நகங்களையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அந்த ஆளு நீங்கதாங்க. பத்து வருஷமா உங்களைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இப்பதான் எழுதத் தைரியம் வந்துச்சு.”

நான்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவள் சொன்னதை மட்டும் சேர்க்க வேண்டாம். பாவம், குழம்பிப் போயிருக்கிறாள். என்னை ஒருத்தி அப்படிப் பார்த்திருந்தால் எனக்குத் தெரியாமலா போயிருக்கும்?