ஒத்தை இலைச் சாப்பாடு

— அப்ப போன ஞாயித்துக்கெழமையும் டீயும் பன்னும்தானா?

— பன்னு இல்லீங்க. பொறை.

— பொறையா! அடி அம்சம், நெல்லு வெளையற ஊர்லேருந்து மெட்ராஸ் போயி நீ பொறை தின்னுட்டுக் கெடக்குறன்னு தெரிஞ்சா நம்ம தெருவே சிரிக்கும்டி. அரசப்பன் பொண்டாட்டிக்கு ஒரு வேளச் சோத்துக்கு வழியில்லியான்னு.

— நீங்க போயித் தெருவுல சொல்லாம இருந்தா சரி.

— அந்த வீட்ல ஞாயித்துக்கெழமைன்னா சோறு போட மாட்டாங்களா?

— மத்த நாள்லாம் நல்லாத்தான் போடறாங்க. இன்னிக்கு அந்தக் கெழவியம்மாவோட மக வீட்ல இருக்கும்ல. அம்மாவ நான் பாத்துக்கறேன் அம்சம், நீ சாயங்காலம் வரைக்கும் வெளியில போயி ரெஸ்ட் எடுத்துட்டு வான்னுது. நல்ல மனசுலதான் சொல்லுது. எனக்கு இங்க யாரு இருக்கா போறதுக்கு? பார்க்குல ஒக்காந்து காக்காவ வேடிக்க பாத்துட்டு வர்றேன்.

— காக்காகூட மத்தியானம் எங்கயாச்சும் போயித் திங்கும்டி. ஒரு ஓட்டல்ல ஏறித் திங்க வேண்டியதுதான?

— ஒத்தையிலயா?

— பின்ன, பந்தக்கால் நட்டு மேளம் வச்சா கூட்டிட்டுப் போவாங்க?

— சிரிக்காதீங்க. போன வாரம் போனேன். கண்ணாடிக் கதவு போட்ட ஓட்டலு. வாசல்ல நின்னவரு, எத்தன பேரும்மான்னு கேட்டாரு.

— ஒரு ஆளுன்னு சொல்றதுக்கென்ன?

— வாயில வரல. வீட்டுக்காரரு வண்டிய நிறுத்திட்டு வர்றாருன்னுட்டேன்.

— நானா?

— வேற யாரு இருக்கா எனக்கு வண்டி நிறுத்த?

— எனக்குச் சைக்கிளே ஒழுங்கா நிக்காதேடி! அப்புறம்?

— ரெண்டு எலை போட்டாங்க. ரெண்டுலயும் பொரியல், ஊறுகா, அப்பளம்னு வரிசையா வச்சுட்டு, சார் வரட்டும்னு நிக்கிறாங்க. எனக்கு வேர்த்துப் போச்சு. வண்டிக்கு எடம் கெடைக்கல போலருக்கு, பாத்துட்டு வர்றேன்னு எந்திரிச்சவதான். திரும்பிப் பாக்கல.

— அடிப்பாவி. என் எலையப் போட்டுட்டா ஓடியாந்த? அப்பளம் பெருசா இருந்துச்சா?

— உங்களுக்கு அப்பளம்தான் கவல.

— என் பங்கு அப்பளம்ல அது. சரி, இன்னிக்கு நீ தின்னாம நான் போனைக் கீழ வைக்க மாட்டேன். எந்திரி.

— எதுக்குங்க? செவ்வாக்கெழம ராத்திரி வண்டியப் புடிச்சு ஊருக்கு வந்துரப் போறேன். அதுக்குள்ள ஓட்டல் பழகி என்ன ஆகப் போவுது?

— அந்தம்மாகிட்டச் சொல்லிட்டியா?

— சாயங்காலம் போயித்தான் சொல்லணும். கார்த்திகை வரைக்கும் இருக்கியா, இல்ல நான் வேற ஆளு பாக்கட்டுமா, இன்னிக்குள்ள சொல்லிருன்னு கேட்டுருக்கு. நான் இல்லாட்டி கெழவியம்மா அழுவும். அது ஒண்ணுதான்.

— அழுதுட்டுப் போவுது. வந்துர்றேன்னு சொல்லு. குடமுருட்டியில தண்ணி வந்துருச்சு. நாத்து விட்டாச்சு. நடவு ஆளுங்கள்லாம் அம்சம் எப்ப வரும்னு கேக்குதுங்க. மவன் திருப்பூர்ல, நீ மெட்ராஸ்ல. நானும் எத்தன நாளைக்கு என் ரசத்த நானே வச்சு நானே குடிக்கிறது?

— நல்லா வருதா ரசம்?

— வெந்நிக்குப் புளிச்சா எப்படி இருக்கும், அப்படி இருக்கு.

— அதுக்குத்தான் நான் வரணுமாக்கும்.

— அதுக்கும்தான்னு வச்சுக்கயேன். இப்ப நட. எங்க நிக்கிற?

— சைதாப்பேட்ட கடைத்தெருவுக்கு வந்துட்டேன். கெழவியம்மாவோட பேத்திப் பொண்ணு குடுத்த ஒயரக் காதுல மாட்டிருக்கேன். தானாப் பேசிக்கிட்டுப் போறா பாருன்னு ஒருத்தன் திரும்பிப் பாக்குறான்.

— பாக்கட்டும். இப்ப நான் சொல்றதக் கேளு. சிங்கப்பூர்ல எட்டு வருஷம் ஒத்தையில தின்னவன் நான். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு.

— ஆரம்பிச்சுட்டாருய்யா சிங்கப்பூர.

— கேளுடி. எதுத்தாப்ல என்ன இருக்கு?

— பெரிய ஓட்டலு. போர்டு முழுக்கப் படம் போட்டுருக்கான். கோழி, எறா, ஐஸ்கிரீமு…

— போவாத. படத்துல இருக்கறதும் தட்டுல வர்றதும் ஒண்ணுக்கொண்ணு ஒறவே இருக்காது. அடுத்தது?

— அடுத்ததுல எல்லாம் குடும்பம் குடும்பமா ஒக்காந்துருக்காங்க. கொழந்தைங்கள்லாம் மேசைக்கு மேல.

— அதுவும் வேணாம். ஒத்த ஆளப் பாத்தா அங்க அடுப்படிக் கதவுகிட்டக் கொண்டுபோயி ஒக்கார வச்சிருவான். போறவன் வர்றவன் முழங்கையெல்லாம் உன் தலையிலதான். மடியில பையை வச்சுக்கிட்டு, யாரையும் பாக்காம, பறக்காம தின்னுக்கிட்டு ஒரு ஆளாச்சும் இருக்கணும். அந்த மாதிரி கடையாப் பாரு. அதான் சூட்சுமம்.

— உங்களுக்கு யாருங்க இதச் சொல்லிக் குடுத்தா?

— யாரு சொல்லிக் குடுப்பா? மொத நாளு ஒத்தையில ஒக்காந்தப்பத் தொண்டையில எறங்கல. தண்ணியக் குடிச்சுக் குடிச்சுத் தள்ளுனேன். ஒரு மாசம் போனுச்சு, பழகிருச்சு. அப்புறம் அதுலயே ஒரு ருசி கண்டுருச்சு.

— அதான் எட்டு வருஷம் வரலியா?

— லீவுக்கு வந்துட்டுத்தான போனேன்! என்னடி, சந்துல சிந்து பாடுற. கடையப் பாரு.

— சந்து திரும்புற எடத்துல ஒரு மெஸ்ஸு இருக்குங்க. தகரக் கூரை. நர்சு மாதிரி ஒரு பொண்ணு தனியா தின்னுக்கிட்டிருக்கு. போலீஸ்காரம்மா ஒண்ணு, தொப்பிய மேசையில வச்சுட்டு அதுவும் தனியா. பரிமாறுறதும் பொம்பளதான்.

— கை கழுவுற எடத்தப் பாரு.

— சோறு திங்கச் சொன்னீங்களா, கை கழுவுற எடத்த வேடிக்க பாக்கச் சொன்னீங்களா?

— பாருங்கறேன்ல. அது எப்படியோ அடுப்படியும் அப்படித்தான்.

— சுத்தமாத்தான் இருக்கு. சோப்பக் கயித்துல கட்டித் தொங்க விட்டுருக்காங்க.

— அப்ப நல்ல கடை. சோப்பு மேல அக்கறை இருந்தா சோத்து மேலயும் இருக்கும்.

— அக்கறையா? எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு கட்டிருக்காங்க.

— அதுவும் அக்கறைதாண்டி. உள்ள போ.

— வாக்கா. எத்தினி பேரு?

— ஏங்க, கேக்குதுங்க…

— சொல்லுடி. நான் வண்டி நிறுத்தல்லாம் வர மாட்டேன்.

— ஒரு… ஒரு ஆளுதாம்மா.

— அப்பால இன்னாத்துக்கு வாசல்லயே நின்னுகினு கீற? குந்துக்கா. சாம்பாரா, மீனா? மீன் கொழம்பு இப்பதான் எறக்குனேன்.

— ஏங்க, மீன் கொழம்பாங்க.

— என்கிட்ட ஏண்டி கேக்குற? உன் நாக்கு, உன் வயிறு.

— பழக்க தோஷம். மீனே ஊத்தும்மா.

— யாராண்ட பேசினுகீறக்கா? ஊட்டுக்காரரா?

— ஆமாம்மா.

— சர்தான். கொழம்பு நான் ஊத்தறேன், அவரு போன்லயே கெளறி வுடட்டும்.

— என்னடி சொல்லுது அந்தப் பொம்பள?

— உங்களத்தான் மெச்சிக்குது. சும்மா இருங்க, எலை போடறாங்க.

— நல்ல எலையா?

— வாடாத எலை. சோறு பொலபொலன்னு இருக்கு. சோடா உப்பு போடல. ஏம்மா, இது எங்க பக்கத்துப் பொன்னியா?

— தெரிலக்கா. மூட்ட ஆந்திராலருந்து வர்து.

— கேட்டியா அம்சம்! இங்க வயித்துல ஈரத்துணியக் கட்டிக்கிட்டு நாத்து விட்டுட்டு ஒக்காந்துருக்கோம். நீ ஆந்திரா அரிசியத் தின்னு.

— இருக்கறதத் தின்னுட்டுப் போறேன், விடுங்க.

— தின்னு, தின்னு.

— …

— என்னடி, சத்தத்தையே காணும்? உப்பு ஒறைப்பு சரியா இருக்கா?

— இன்னும் கை வைக்கலீங்க. எதுத்தாப்ல ஒரு பெரியவரு வந்து ஒக்காந்துருக்காரு. அவரு எலையில இன்னும் சோறு விழல.

— அதுக்கு?

— அவருக்கு விழாம நான் எப்படித் திங்கிறது?

— கூறு கெட்டவளே, அது என்ன கல்யாணப் பந்தியா? அவரு யாரோ, நீ யாரோ.

— யாரா இருந்தாலும் எதுத்தாப்ல வெறும் எலைய வச்சுக்கிட்டு ஒரு மனுசன் பாத்துக்கிட்டு இருக்கறப்ப… இந்தா, போட்டுட்டாங்க. சரி, திங்கறேன்.

— எப்படி இருக்கு?

— சுடுதுங்க.

— என்ன சுடுது?

— சோறு. கை வைக்க முடியல. ஆவி மூஞ்சில அடிக்குது.

— நம்ம வீட்ல மட்டும் ஆறுன சோறா ஆக்குற?

— உங்களுக்குச் சுடும். எனக்குச் சுட்டதில்ல.

— என்னடி சொன்ன? மோட்டார் சத்தம், காதுல விழல.

— விழுந்துச்சு. நீங்க தின்னு, மவன் தின்னு, உங்கம்மா இருந்த வரைக்கும் அவங்க தின்னு, நாயிகூட எனக்கு முன்னாடி தின்னுரும் நம்ம வீட்ல.

— அது கொலைக்கும்டி. கொலைச்சுக் கொலைச்சுக் கேக்கும்.

— நான் கொலைக்கல. அதான் குத்தமா?

— ஏண்டி, மீன் கொழம்புல காரம் ஜாஸ்தியா? என் மேல எறங்குது.

— கொழம்பு தேவாமிர்தமா இருக்குங்க. இருங்க, தின்னுட்டுப் பேசறேன்.

— தின்னு, தின்னு. நான் இங்க வரப்புல ஒக்காந்துருக்கேன். அவசரமில்ல.

— …

— அம்சம்.

— ம்.

— முடிச்சிட்டியா?

— அப்பவே.

— பின்ன எந்திரிச்சு வெளிய வர்றதுதான?

— எப்படிங்க எந்திரிக்கிறது? பக்கத்துல இருக்கற அம்மா இப்பதான் ரசத்துக்கு வந்துருக்கு. அது முடிக்கட்டும்னு பாத்தேன். அதுக்குள்ள பெரியவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு எடத்துல பையோட வேற ஒருத்தரு வந்து ஒக்காந்துட்டாரு. அவருக்கு இப்பதான் எலையே போடறாங்க.

— ஏ அம்சம்! அப்ப மெட்ராஸ் பூரா வந்து தின்னு எந்திரிக்கிற வரைக்கும் நீ அங்கதாண்டி. கடைசிப் பந்தி முடியறதுக்குள்ள கார்த்திகையே வந்துரும்.

— ஒரு வரிசையில ஒக்காந்துட்டு, மத்தவங்க திங்கறப்ப எந்திரிச்சா அவங்கள அவமரியாத பண்ணுன மாதிரில்ல?

— யக்கா, இன்னா, கை காஞ்சி பூடுச்சு? சோறு போடட்டா?

— வேணாம்மா. இவங்கள்லாம் முடிக்கட்டும்னு பாக்குறேன்.

— இவங்களா? இவங்க இன்னா உன் சொந்தமா? பின்னால திரும்பிப் பாரு, உன் சேருக்கு எத்தினி பேரு நிக்கிறாங்கோ. இங்க யாரும் யாருக்கோசரமும் குந்தினு இருக்கறதில்லக்கா. துன்னியா, எந்திரிச்சியா, போனியா.

— கேட்டீங்களா?

— கேட்டுச்சு. என்ன ஊருடி அது. ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்காம.

— நல்லாத்தான் இருக்கு.

— எது நல்லா இருக்கு?

— இவ்ளோ நேரம் ஒக்காந்துருந்தேன். ஒருத்தரும், அம்சம், தண்ணி எடுத்துட்டு வான்னு சொல்லல.

— நான் சொல்லுவனா அப்படி?

— உங்களச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்.

— பொதுவா எறிஞ்சாலும் என் மண்டையிலதான வந்து விழுது. சரி, நீ செவ்வாக்கெழம கெளம்பி வா. வர்ற ஞாயித்துக்கெழம உனக்கு நான் ஆக்கிப் போடறேன். நானே மீன் வாங்கி, நானே அலசி, நானே கொழம்பு வச்சு, உன்ன ஒக்கார வச்சு மொதல்ல உன் எலையிலதான் போடறேன். சுடச் சுட.

— நீங்களா?

— நான்தான். சிங்கப்பூர்ல எனக்கு யாரு ஆக்கிப் போட்டா? நானேதான.

— இத்தன வருஷமா அந்தச் சமையக்காரர எங்கங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?

— சிரிக்காத. நெஜமாச் சொல்றேன்.

— நெஜமாத்தான் சிரிக்கிறேன். வயிறு நெறஞ்சிருக்குல்ல, சிரிப்பு வருது.

— அம்சம், வெளையாட்டு போதும். சாயங்காலம் அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போற? ஊருக்குப் போறேன்னுதான?

— இருங்க, கை கழுவிட்டு வர்றேன்.

— பதிலச் சொல்லிட்டுக் கழுவு. ஏ அம்சம்.

— யக்கா, இன்னா போய்கினே கீற? எப்டிகீது நம்ம சாப்பாடு?

— நல்லா இருந்துச்சும்மா. உம் பேரென்ன?

— நிலோஃபர்.

— ஏம்மா நிலோஃபரு, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன், அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமையும் வருவேன். தலையும் வாலும் தின்னு சலிச்சுப் போச்சு, எனக்கு நடுத்துண்டா எடுத்து வையி.