குழவித் திடல்

முன்னொரு காலத்துல, இந்தச் சீமைக்கருவேல முள்ளு நம்ம மண்ணுக்கு வந்து சேர்றதுக்கும் முந்தி, பொட்டலேந்தல்னு ஒரு ஊரு இருந்துச்சாம். எங்க இருந்துச்சு? இப்ப நீங்க குந்தியிருக்கீகளே, இந்த மண்ணுதான். அந்த ஊர்ல சிட்டம்மா சிட்டம்மான்னு ஒருத்தி இருந்தாளாம். ஏப்பா, அந்தச் செல்போனை அமத்து. செத்தவ கதையைச் சொல்லும்போது குறுக்க பாட்டு பாடக் கூடாது.

சிட்டம்மா வாக்கப்பட்டுப் போன எடத்துல வயித்துல ஒண்ணும் தங்கலையாம். மலடின்னு சொல்லி வெரட்டி விட்டுட்டான் புருசன்காரன். அடுத்தாப்புல அவன் கட்டினவளுக்கும் ஒண்ணும் தங்கலை. ஆனா அவனை மலடன்னு சொல்ல ஒரு நாக்கு அந்த ஊர்ல இல்லை. அது கெடக்கட்டும். அவ தம்பி சோலையன் வீட்டுக்கே திரும்பி வந்துட்டாளாம்.

சோலையன் வாயில்லாப் பூச்சி. உழுவான், திம்பான், ஒறங்குவான். அவன் பொஞ்சாதி வேலாத்தா. நாலு புள்ளை. நாலாவது பொறக்கையில கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்து, கண்ணு மேல சொருகி, போன உசுரு பாதி வழியில திரும்பி வந்துச்சாம். மருத்துவச்சி குப்பாயி அன்னைக்கே சொல்லிட்டா. "ஏத்தா, இனி ஒண்ணு உன் வயித்துல நின்னா நீ நிக்க மாட்டே."

நின்னுருச்சு. நிக்கிறதுக்கு வேலாத்தா மட்டுமா காரணம்? அதையும் எவனும் கேக்கலை.

நாள் தள்ளிப் போனதும் வேலாத்தா குப்பாயியைக் கூப்பிட்டு விட்டா. அடுப்படியில உக்காந்து ரெண்டு பேரும் பேசிக்கிட்டாக. "கொழுந்துலயே கிள்ளிட்டா தாய் தப்புவா. முத்திப்போச்சுன்னா என் கையில இல்லை"ன்னாளாம் குப்பாயி. வேலாத்தா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதாளாம். அழுதுட்டு, "சரி, மருந்தைக் கொண்டா"ன்னாளாம். அவளுக்கு மட்டும் என்ன, ஆசையா? நாலைப் பெத்தவளுக்கு அஞ்சாவது கசக்குமா?

இதை எல்லாம் கதவுக்குப் பின்னால நின்னு சிட்டம்மா கேட்டுக்கிட்டு இருந்தா. கேக்கக் கேக்க அவளுக்கு அடிவயித்துல தீப்புடிச்சுச்சாம். எத்தனை கோயில் சுத்துனேன். எத்தனை நாள் மண்சோறு தின்னேன். எனக்கு ஒண்ணு குடுக்காத சாமி இவளுக்கு அள்ளி அள்ளிக் குடுக்குது, இவ வேணாங்குறாளா? அப்படியே ஓடுனா. ஓடிப் போயி பூசாரி முன்னால நின்னா. "சாமி, எங்க வீட்டுல கருவைக் கலைக்கப் போறாக."

அம்புட்டுத்தான். ஊரு கூடுச்சாம். ஆம்பளைக கூடுனாகளாம். வெத்தலை போட்டாகளாம். செவக்கச் செவக்கத் துப்புனாகளாம்.

பூசாரி எந்திரிச்சாரு. "கருவுல இருக்கறது வெறும் ரத்தம் இல்லப்பா, குலசாமி. யாரு வயித்துல யாரு வந்து தங்குறாகன்னு நமக்குத் தெரியுமா? செத்துப் போன நம்ம அய்யாவா இருக்கலாம், நம்ம ஆத்தாவா இருக்கலாம். வாசல்ல வந்து நிக்கிற அய்யாவை எவனாச்சும் கல்லால அடிப்பானா? உசுரைப் போட்டவ நம்ம கோயில்ல இருக்கிற பேச்சி. எடுக்கணும்னா அவதான் எடுக்கணும்."

பேச்சு நல்லாத்தான் இருக்கு. நான் இல்லைங்கலை. கேட்டா எனக்கே நெஞ்சு இளகுது. அந்தக் கூட்டத்துல பாதிப்பேரு கண்ணைத் தொடைச்சாகளாம். தொடைச்ச கண்ணுல ஒண்ணாச்சும் வேலாத்தாவைப் பாத்துச்சா? பாக்கலை.

குப்பாயி திடலுக்கு வெளியில நின்னு கும்பிட்டுச் சொன்னா. "சாமி, ஊருல பாதிப்பேரு என் கையில விழுந்து பொறந்தவுக. எனக்கு மட்டும் சிசு மேல ஆசை இல்லையா? மரம் சாஞ்சா காயும் சேந்துதான் சாகும். காயைக் குடுத்து மரத்தைக் காப்பாத்துங்கங்கறேன்."

ஊருக்குத் தீர்ப்புச் சொல்ற அம்பலகாரரு மீசையைத் தடவுனாரு. நல்ல ஆகிருதி, நல்ல கொரலு. "பொறக்குறதும் சாகுறதும் உன் கையில இருக்கா? நீ என்ன பேச்சியா?"

அப்ப வேலாத்தாவே முன்னால வந்துட்டா. பொம்பளைக ஊரு கூடுற அந்தத் திடலுக்குள்ள கால் வைக்கக் கூடாது அந்தக் காலத்துல. வச்சுட்டா. "பொறக்காத ஒண்ணுக்குப் பேச இத்தனை பேரு வந்திருக்கீக. பொறந்து நிக்கிற நாலுக்கும் பேச ஒருத்தரும் இல்லையா? என் உசுரும் அந்தப் பேச்சி போட்டதுதானே? இந்தச் சொமையை என்னால சொமக்க முடியலை, அய்யா. எங்க எறக்கன்னு ஒரு எடம் சொல்லுங்க."

அம்பலகாரரு என்ன சொன்னாருன்னு நெனைக்கிறீக? "எறக்க எடமில்லை. சொமந்துதான் தீரணும். சொமக்கத்தானே பொம்பளையைப் படைச்சிருக்கான்." அப்படின்னுட்டு அடுத்த வெத்தலையை எடுத்தாராம். குப்பாயி அந்த வீட்டு வாசப்படி மிதிச்சா அவளுக்குத் தண்ணி கெடையாது, தீ கெடையாதுன்னு தீர்ப்பு. சோலையன்? தலையைக் குனிஞ்சுக்கிட்டு நின்னான், மடப்பய.

சிட்டம்மாவுக்குச் சந்தோசம்னா சந்தோசம். "பெத்து என் மடியில போட்டுட்டுப் போ தாயி, நான் வளத்துக்கிறேன்"னு வேலாத்தா தலையைத் தடவுனாளாம். தொட்டில் கட்டுனா. நம்ம பக்கம் புள்ளையைத் தொட்டில்ல போடுறதுக்கு முந்தி என்ன செய்வோம்? குழவிக்கல்லைத் துணியில சுத்திப் போட்டு ஆட்டுவோமில்ல? கல்லுப்போலப் புள்ளை நெலைக்கணும்னு. கல்லுக்கும் குழவின்னுதான் பேரு, கைப்புள்ளைக்கும் குழவின்னுதான் பேரு. சிட்டம்மாவுக்குப் பொறுக்கலை. புள்ளை வர்றதுக்குப் பல மாசம் முந்தியே ஆட்டுரல் குழவியைக் கழுவி, மஞ்சத் தேச்சு, வேலாத்தாவோட பழஞ்சேலையில சுத்தித் தொட்டில்ல போட்டு ஆராரோ பாடுனாளாம்.

வேலாத்தாவுக்குக் காலு வீங்குச்சு. "புள்ளத்தாச்சிக்குக் காலு வீங்கத்தான் செய்யும்"னா சிட்டம்மா. மொகம் வீங்குச்சு. "மொகத்துல களை வந்திருக்கு"ன்னா. தலைவலி, தலைவலின்னு சுவத்துல முட்டுனா. பத்துப் போட்டு விட்டா சிட்டம்மா. ஒருநாள் வேலாத்தா சோத்துச் சட்டிய எடுக்கப் போயி, சட்டிக்கு இந்தப் பக்கமா காத்தைத் தடவிக்கிட்டு இருந்தாளாம். கண்ணு மங்கிப்போச்சு. அன்னைக்குத்தான் சிட்டம்மா அவளை நல்லாப் பாத்தா. வயித்தையே பாத்துக்கிட்டு இருந்தவ, அன்னைக்குத்தான் மொகத்தைப் பாத்தா.

திரும்பவும் ஓடுனா பூசாரிக்கிட்ட. "சாமி, நான் தெரியாம சொல்லிட்டேன். குப்பாயியை விடுங்க, வந்து பாக்கட்டும்." பூசாரி கண்ணை மூடிக்கிட்டு, "ஊரு சொன்ன சொல்லு சொன்னதுதான். பேச்சி பாத்துக்குவா"ன்னுட்டாரு. பேச்சி பாத்தா. பாத்துக்கிட்டேதான் இருந்தா.

உச்சிவெயில்ல வலி வந்துச்சாம். வேலாத்தா சிட்டம்மா கையை எடுத்து வயித்து மேல வச்சு, "மதினி, ஒங்க புள்ளை அசையுது பாருங்க"ன்னாளாம். அசைஞ்சுச்சு. சிட்டம்மா கைக்கு அடியில அசைஞ்சுச்சு. அந்தக் கையை எடுக்குறதுக்குள்ள வேலாத்தாவுக்கு இழுப்பு வந்துருச்சு. வெட்டி வெட்டி இழுத்துச்சு. கொஞ்ச நேரத்துல அவ அசைவு நின்னுச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல வயித்துக்குள்ள இருந்த அசைவும் நின்னுச்சு. கை வச்சபடியே இருந்தா சிட்டம்மா.

ஊரு கூடுச்சாம். ஆம்பளைக கூடுனாகளாம். வெத்தலை போட்டாகளாம். செவக்கச் செவக்கத் துப்புனாகளாம்.

பூசாரி எந்திரிச்சாரு. என்ன சொன்னாரு தெரியுமா? "சூலியை அப்படியே பொதைக்கக் கூடாது. வயித்துச் சொமையோட போனா பேயாகி அலைவா, ஊரு தாங்காது. வயித்தைக் கீறிப் புள்ளையை எடுத்துத் தனியாப் பொதைக்கணும். அதான் முறை." அம்பலகாரரு ஆள் விட்டாரு. "குப்பாயியைக் கத்தியோட வரச் சொல்லு."

கேட்டீகளா? உசுரோட இருந்தப்போ எடுக்காதே, பாவம். செத்த பிறகு எடுக்காட்டிப் பாவம். அந்தக் குப்பாயியையே கூப்பிடுறாக, அந்த வாசப்படியையே மிதிக்கச் சொல்றாக. மனுசன் வாயா அது?

சிட்டம்மா காதுல விழுந்துச்சு. நேரா தொட்டிலுக்குப் போனா. பழஞ்சேலையோட அந்தக் குழவிக்கல்லைத் தூக்குனா. வயித்தோட சேத்து அணைச்சுக்கிட்டா. தெருவோட நடந்து வந்து திடலுக்கு நடுவுல நின்னா. அவ வர்றதைப் பாத்துட்டு வீட்டு வீட்டுக்குப் பொம்பளைக எந்திரிச்சு வந்தாகளாம், ஒலக்கையைப் போட்டது போட்டபடி.

"இந்த வாயிதான் முதல்ல வந்து சொன்னது"ன்னா சிட்டம்மா. "வெவரம் கெட்ட வாயி. அறுக்கணும்னா முதல்ல என் நாக்கை அறுங்க. அப்புறம் அவ வயித்துக்குப் போங்க. இல்லை, கீறித்தான் தீரணும்னா ஒண்ணு செய்யுங்க, அம்பலம். இந்தா, இதைச் சொமந்துக்கிட்டுச் சொல்லுங்க. நானே கத்தி எடுத்துத் தாரேன்."

அம்பலகாரரு சிரிச்சாராம். ஆம்பளைச் சிங்கமில்ல? "இம்புட்டுத்தானா?"ன்னு கல்லை வாங்கிட்டாரு. சிட்டம்மா வேலாத்தா சேலையாலயே கல்லை அவரு வயித்தோட வச்சு இறுக்கிக் கட்டி விட்டா. கையையும் அடியில குடுத்துக்கிட்டு நின்னாரு. பொம்பளைக சுத்திவர ஒக்காந்துட்டாக, வழி விடாம.

"இப்பச் சொல்றேன். வயித்தைக்..."ன்னு அவரு ஆரம்பிச்சாரு.

"இருங்க. அவ இதோட நடவு நட்டா. குனிங்க."

குனிஞ்சாரு. கல்லு முன்னால இழுத்துச்சு.

"அவ இதோட தண்ணி எடுத்தா. நடங்க."

நடந்தாரு. வெயிலு மண்டையைப் பொளந்துச்சு. மீசை வழியா வேர்வை ஒழுகுச்சு. உக்காரப் போனாரு. "அவ உக்காந்தா கஞ்சி யாரு காச்சுனா? எந்திரிங்க." எந்திரிச்சாரு. ஒரு ஆம்பளை கல்லை வாங்கக் கை நீட்டுனானாம். "ஏன், அவகிட்ட இருந்து வாங்க அன்னைக்கு எவன் கை நீட்டுனே?"ன்னாளாம் ஒரு பொம்பளை. நீட்டுன கை மடங்கிப் போச்சு.

நெழல் சாஞ்சுச்சு. அம்பலகாரருக்குத் தொடை நடுங்குது, இடுப்பு கழண்டு போகுது. அந்த நல்ல கொரலு கீச்சுக்கொரலாப் போச்சு. "ஏ ஆத்தா, முடியலை. இதை எங்க எறக்க?"

சிட்டம்மா அவரு மொகத்துக்கு நேரா வந்து நின்னாளாம்.

"அதைத்தானடா அவளும் கேட்டா."

அம்பலகாரரு முழங்கால் மடங்கிக் கல்லோட மண்ணுல விழுந்தாரு. கல்லு ஒரு ஓரம் பேந்து போச்சு. சிட்டம்மா திரும்பி, "சாமி, அடுத்து நீங்க தூக்குறீகளா?"ன்னு பூசாரியைத் தேடுனா. பூசாரி அதுக்குள்ள கோயில் மதிலு தாண்டிட்டாராம்.

வேலாத்தா வயித்துல கத்தி படலை. தாயும் புள்ளையும் ஒரே குழியில போனாக. பேயா வந்தாளா? வரலை. வந்தா என்ன, நான் வரவேற்பேன். நாலு புள்ளையையும் சிட்டம்மாதான் வளத்தா. வருசா வருசம் வேலாத்தா செத்த தேதியில புள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிக்கிட்டு வந்து, "ஒங்க ஆத்தாளை ஊரு கொன்னுச்சு, ஊருக்குச் சொன்னது நான்"னு அவுக முன்னாலயே சொல்லுவாளாம்.

சூலியாச் செத்தவளுக்குச் சொமைதாங்கிக் கல்லு போடுறது நம்ம வழக்கம். தலைச்சொமையோட போறவுக எறக்கி வச்சு மூச்சு வாங்கட்டும்னு, ரெண்டு கல்லை நட்டு மேல ஒரு கல்லைப் போடுவாக. எல்லா ஊர்லயும் வழியோரத்துல போடுவாக. சிட்டம்மா அதைத் திடலுக்கு நடுவுல போட்டா. அதும்மேல அந்த மூளிக் குழவியை வச்சா. "இனி இந்தத் திடல்ல எவனாச்சும் ஒரு பொம்பளை வயித்தைப் பத்திப் பேசணும்னா இதைத் தூக்கி வயித்துல கட்டிக்கிட்டுப் பேசு. பேசி முடிக்கிற வரைக்கும் எறக்காதே"ன்னாளாம். அம்பலத் திடல்னு இருந்த பேரு போயி, அன்னையில இருந்து குழவித் திடல்.

கருவைக் கலைக்கிறது பாவமா, பாவம் இல்லையான்னா, இன்னைக்கும் ஊருக்குள்ள ரெண்டு பேச்சு இருக்கு. பாவம்னு சொல்ற பொம்பளைகளும் இருக்காக, அவுக மனசை நான் பழிக்க மாட்டேன். ஆனா கல்லைத் தூக்காம இங்க எவனும் அதைப் பேசுனதில்லை. தூக்குனவன் எவனும் நீட்டிப் பேசுனதில்லை.

போன வாரத்துல இருந்து நம்ம கீழத்தெருப் புள்ளை வயித்து வெவகாரத்தை டீக்கடையில வச்சு ஆளாளுக்குப் பேசுறீகளாம். டாக்டரம்மா சொன்னதுக்கு மேல ஒங்களுக்குத் தீர்ப்பு இருக்காம். அதுக்குத்தான் இன்னைக்கு ஊரைக் கூட்டியிருக்கீக. நல்லாப் பேசுங்கப்பா, யாரு வேண்டாங்குறா?

கல்லு அங்கதான் இருக்கு. யாரு முதல்ல தூக்குறது?