கவ்வாத்து மலைக்கு எந்தக் கண்ணாடி

லிந்துலை பஸ்ஸில் என் முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அவள் மடியில் கறுப்பு ஒன்றும் நிறமில்லாதது ஒன்றுமாக இரண்டு கண்ணாடிகள்.

"கறுப்பப் போட்டா நாளைக்கு தேயில மலை எறங்குற சைக்கிள் ரேஸ்ல கண்ணு தெரியாமத்தான் ஓட்டணும், அண்ணே."

"அதுதான்டி எடுப்பா இருக்கு. மத்தது மருந்தடிக்கப் போற மாதிரி இருக்கு."

"போன தடவ கவ்வாத்து வெட்டுன குச்சி புருவத்தக் கிழிச்சிருச்சு. கொஞ்சம் கீழன்னா கண்ணு போயிருக்கும். இந்தாங்க, கறுப்பப் போட்டு வெளிய பாருங்க."

வெளியே பனி மூடியிருந்தது.

"ஒண்ணுமே தெரியலயே."

"இப்ப மத்தத."

"அம்மாடி! வெட்டுன தேயில குச்சியெல்லாம் ஈட்டி மாதிரி நிக்குது."

"அதுக்கு நடுவுலதான் நாளைக்கு எறங்குறேன்."

அண்ணன் அந்தக் கண்ணாடியைத் துடைத்து அவளிடம் கொடுத்தான்.

"கறுப்பு எங்கிட்ட இருக்கட்டும். நீ எறங்குறப்ப நான் போட்டுக்கிறேன்."